சிங்கப்பூர் சம்பளத்தைக் காட்டி பினாங்கில் வீட்டுக் கடன் கேட்டால் வங்கி ஏன் குறைத்துக் கணக்கிடுகிறது?

வெளிநாட்டு வருமானம் என்றால் ரிங்கிட்டில் வராத சம்பளம், அவ்வளவுதான். கடனை 35 வருடம் வரைக்கும் ரிங்கிட்டில் கட்டப் போகிறீர்கள், சம்பளமோ டாலரில் வருகிறது, நடுவில் நாணய மாற்று விகிதம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 2024 பிப்ரவரியில் ஒரு சிங்கப்பூர் டாலர் 3.50 ரிங்கிட்டைத் தாண்டியது, செப்டம்பர் கடைசியில் 3.20 பக்கம் வந்துவிட்டது. 4,000 டாலர் வாங்குபவருக்கு மாதம் 1,200 ரிங்கிட் குறைவு, அதுவும் சம்பளம் ஒரு காசு குறையாமலே!

சந்தையில் ஒரு கிலோ மீன் வாங்கினால் செதில், குடல் போக சட்டிக்கு வருவது கம்மிதானே, வங்கியும் சட்டிக்கு வருவதைத்தான் பார்க்கிறது. எவ்வளவு கழிப்பது என்பது வங்கிக்கு வங்கி மாறும், அதனால் இரண்டு மூன்று இடத்திலாவது கேளுங்கள்.

என் மச்சான் பட்டர்வொர்த்தில் தரை வீடு பார்த்தபோது ஆறு மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, சிங்கப்பூரின் மத்திய சேம நிதி (CPF) அறிக்கை எல்லாம் கொடுத்தார். நீங்கள் சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருந்து சேம நிதி கட்டுபவர் என்றால், மாதச் சந்தா தெரிகிற அந்தத் தாளை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் உண்மை என்று காட்ட அது ரொம்ப உதவும்.

அப்புறம், வெளியில் சம்பாதித்தால் வெளிநாட்டவர் வாங்கக்கூடிய வீட்டுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை நமக்கும் பொருந்தும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது தவறு, மலேசியக் குடியுரிமை இருந்தால் அந்த விதி உங்களுக்கு இல்லை.