மகனுக்கு ஓர் அறை: மூன்று லட்சம் ரேண்ட் போதுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில், பொதுச்சுவர் உள்ள இணைவீட்டில் இருக்கிறோம். மகன் கல்யாணத்துக்கு முன்னால் பின்புறம் ஆறுக்கு நாலு மீட்டரில் ஓர் அறையும் அதற்குள்ளேயே சின்னக் குளியலறையும் கட்ட ஆசை. கையில் 3,00,000 ரேண்ட் இருக்கிறது. தெரிந்த கான்ட்ராக்டர் சதுர மீட்டருக்கு 10,000 ரேண்ட் சொல்கிறார், பாதியை முன்பணமாகக் கேட்கிறார். பின்பக்கம் சரிவான மண். ஆடிக் கஞ்சி முடிந்ததும் தொடங்கலாமா?

பதில்: அம்மா, 24 சதுர மீட்டருக்கு 2,40,000 ஆகிறது. அறுபதாயிரம் மிச்சம் என்று தோன்றும். அந்த விலையில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) அடக்கமா என்று முதலில் கேளுங்கள். அவர் வாட் பதிவு செய்தவராக இருந்து, அடக்கமில்லை என்றால் 15 சதவீதம், அதாவது 36,000 ஏறும். மிச்சம் 24,000. பிளான் வரைபவர் கூலியும் நகராட்சிக் கட்டணமும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

ஆனால் எனக்குக் கவலை அந்தச் சரிவுதான். சதுர மீட்டர் விலை சமதரையை நினைத்துச் சொல்லப்படுவது. நாளைக் காலையிலேயே ஒன்று செய்யுங்கள். வீட்டுத் தரை மட்டத்தில் ஒரு நூலைக் கட்டி, ஆறு மீட்டர் தள்ளி ஒரு கம்பை நட்டு, ரசமட்டம் வைத்து நூலைச் சமமாக இழுத்துக் கட்டுங்கள். கம்புக்குப் பக்கத்தில் நூலுக்கும் மண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். ஐந்துக்கு ஒன்று சரிவு என்றாலே அங்கே 1.2 மீட்டர் வரும். அப்படியானால் அறைக்குக் கீழே இடுப்பைத் தாண்டும் உயரத்துக்கு இன்னொரு சுவர் எழும்ப வேண்டும். உள்ளே மண் கொட்டி, அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். அந்தச் சுவர் உங்கள் விலைச்சீட்டில் இருக்கிறதா? 2022 ஏப்ரல் மழையில் டர்பன் பகுதியில் சரிவுகள் பெயர்ந்து வீடுகள் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து மண்ணைக் காட்டுங்கள்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய சுவரும் புது அறையும் சேரும் இடத்தில், தரையிலிருந்து கூரை வரை விரல் நுழையும் விரிசல். புது அஸ்திவாரம் தன் போக்கில் இறங்கியிருந்தது. இரண்டு சுவருக்கும் நடுவே அசைவுக்கான இடைவெளி விடாமல் பூசி மூடியிருந்தார்கள். அந்த அம்மா இரண்டாம் தடவையாகச் செலவு செய்துகொண்டிருந்தார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

அதனால் ஒற்றை வரி விலையை ஏற்காதீர்கள். அஸ்திவாரம், தளம், சுவர், கூரை, குழாய், மின்சாரம், பூச்சு எனத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். செங்கல் கணக்கையும் கேளுங்கள். வீட்டோடு ஒட்டும் நாலு மீட்டர் பக்கம் போக வெளிச்சுவர் 16 மீட்டர், உயரம் 2.6 மீட்டர். கதவு, ஜன்னல் போக ஏறக்குறைய 36 சதுர மீட்டர். 220 மில்லிமீட்டர் இரட்டை வரிசைச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 110 கல் வீதம் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும், உடைசலையும் உள்சுவரையும் சேர்க்காமலே. அவர் சீட்டில் இரண்டாயிரம் என்று இருந்தால் ஒற்றை வரிசைச் சுவருக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்.

பாதிப் பணம் முன்னதாகக் கொடுக்க வேண்டாம். சிமெண்டும் கல்லும் நீங்களே கடையில் வாங்கிப் போடுங்கள். கூலியை அஸ்திவாரம், சுவர், கூரை என்று முடிந்த வேலைக்குக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, மின்சாரச் சான்றிதழ் கைக்கு வரும்வரை பிடித்து வையுங்கள்.

குளியலறையில் பலருக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. கூடுதல் கட்டடத்துக்குத் தேவைப்படும் வெந்நீரில் பாதியாவது சாதாரண மின்சாரச் சூடேற்றி அல்லாத வழியில் வர வேண்டும் என்பது எரிசக்தி விதி. தனியாக ஒரு மின்சாரக் கீசரை மாட்டிவிட்டுப் போக முடியாது. சூரியக் கீசரோ, காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்போ வைத்தால் பட்ஜெட் எகிறும். பிளான் வரைபவரிடம் இதை முதல் நாளே கேளுங்கள். நகராட்சியின் கழிவுநீர்க் குழாய் மனைக்குள் எங்கே ஓடுகிறது என்பதையும் அவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆடியில் கல் வைக்க வேண்டாம் என்று வீட்டில் நினைத்தால் சரி. பிளானை இப்போதே கொடுத்துவிடுங்கள். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதிமுறைச் சட்டம், ஆனால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினால் நாள் ஓடும். ஒப்புதல் கிடைத்தால் தொடங்குவதற்கு 12 மாதம் இருக்கிறது. ஆடி முடிந்த கையோடு அஸ்திவாரம் தோண்டினால், அக்டோபர் மழைக்கு முன் மண்ணுக்கு மேலே வந்துவிடலாம். தள்ளிப்போட்டால் மழையும் டிசம்பர் நடுவில் தொடங்கும் கட்டடத் தொழிலாளர் விடுமுறையும் சேர்ந்து, கூரையில்லாத சுவரோடு பொங்கல் வரும்.

சரிவுச் செலவு போகப் பணம் பற்றவில்லை என்றால், அறையை மட்டும் முடித்து மகனையும் மருமகளையும் குடிவையுங்கள். குளியலறைக்கும் பிளானில் இப்போதே ஒப்புதல் வாங்கி, கழிவுக் குழாய்களைத் தளம் போடும்போதே பதித்து வாயை மூடி வைத்துவிடுங்கள். டைல்ஸும் கீசரும் அடுத்த வருஷம் வாங்கும்போது தரையை உடைக்க வேண்டியிருக்காது.