ஒரு கட்டுரைக்கு இத்தனை பெயர்களா?

வணக்கம். சுவாச நோய்கள் குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் ஐம்பது, நூறு பேர் ஆசிரியர்களாக இருப்பதைக் காண்கிறேன். கிருமியைக் கண்டுபிடித்துத் தடுப்பூசி செய்ய ஒரு நல்ல ஆய்வகம் போதாதா? கூட்டு ஆய்வு என்ற பெயரில் பொறுப்பு கரைந்துபோகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மரியாதைக்காகச் சேர்க்கப்படும் பெயர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிருமியைப் பிடித்துவிட்டால் தடுப்பூசி வந்துவிடும் என்ற நம்பிக்கை நுரையீரல் விஷயத்தில் ஒருமுறை மிகக் கொடுமையாகப் பொய்த்தது.

கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும் ஆர்எஸ்வி வைரஸை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து, 1960களில் அமெரிக்காவில் ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். போலியோவுக்கு அதே வழி பலித்திருந்ததால் ஐயப்படக் காரணம் இருக்கவில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருளும் உருவானது. ஆனால் பிறகு வைரஸ் தொற்றியபோது ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளே அதிகம் துன்புற்றார்கள். ஒரு சோதனையில் அவர்களுள் தொற்றுக்கு ஆளானவர்களில் 80 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, இருவர் இறந்தனர்.

வைரஸின் மேற்பரப்பில் உள்ள ‘எஃப்’ என்ற புரதம் நம் செல்லோடு இணைவதற்கு முன் ஒரு வடிவத்திலும் பின் வேறொரு வடிவத்திலும் இருக்கிறது. அந்த ஊசியில் இருந்தது பெரும்பாலும் பின்னைய வடிவம். அதனால் உருவான எதிர்ப்பொருள்கள் வைரஸில் ஒட்டின, ஆனால் அதைத் தடுக்கவில்லை. மாறாக நுரையீரலின் அழற்சி கூடியது. முன்னைய வடிவத்தைப் படம்பிடிக்க 2013 வரை ஆயிற்று. அதைச் சாதித்தவர்களில் ஒருவரான, புரத வடிவங்களை ஆராய்ந்த ஜேசன் மெக்லெல்லனுக்குத் தம் குழு இருந்த மாடியில் இடம் கிடைக்காமல், ஆர்எஸ்வியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துவந்த பார்னி கிரஹாமின் ஆய்வகத்தில் இருக்கை கிடைத்தது. கூட்டு ஆய்வு சில நேரம் இப்படி நாற்காலிப் பஞ்சத்தாலும் பிறக்கிறது! அந்த முன்னைய வடிவத்தைக் கொண்டு செய்த ஆர்எஸ்வி தடுப்பூசிகள் 2023இல் முதியோருக்கும், பிறக்கப்போகும் குழந்தையைக் காக்கும் பொருட்டுக் கர்ப்பிணிகளுக்கும் ஒப்புதல் பெற்றன.

இன்னொன்று எண்ணிக்கை. 2020இல் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு 170க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளின் கோவிட் நோயாளிகளைச் சேர்த்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற விலை மலிந்த ஸ்டீராய்டு மருந்து, செயற்கை சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பலன் இல்லை. ஒரே மருத்துவமனையின் சில டஜன் நோயாளிகளை வைத்து இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்திருக்கவே முடியாது.

பொறுப்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. இப்போது பல இதழ்கள், யார் எந்த வேலையைச் செய்தார் என்பதைக் கட்டுரையின் இறுதியில் தனியே குறிப்பிடச் சொல்கின்றன. அடுத்த முறை பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடாமல் அந்தப் பத்தியையும் படித்துப் பாருங்கள்.