செடி தாங்கினால் போதுமா? கட்மியம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

போன கிழமை கட்மியம் போன்ற நச்சுப் பார உலோகங்களைத் தாங்கும் பயிர்களைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆய்வுகூடத்தில் நெல் நாற்றுகளோடு சில வருடம் இருந்தவள் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தெஹிவளையிலிருந்து உயர்தர மாணவி: அக்கா, கட்மியத்தைத் தாங்க வைக்கிற மரபணு உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது தங்கச்சி. முதலில் வேரைப் பாருங்கள். நல்ல நீரில் வளர்ந்த நாற்றின் வேர் வெள்ளையாக, நூல் நூலாகத் தொங்கும். கட்மியம் கலந்த நீரில் வைத்ததை ஒரு கிழமை கழித்துத் தூக்கினால், வேர் கட்டையாகி, நுனி பழுப்பேறி, புது இலை மஞ்சளடித்திருக்கும். ஆனால் செடி சும்மா இருக்காது. தன்னிடமுள்ள குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறைக் கோத்துக் கோத்து பைட்டோகீலேட்டின் என்ற சிறு சங்கிலியைச் செய்து, உலோகத்தை அதில் கட்டி, நீங்கள் படிக்கிற புன்வெற்றிடம், கலத்துக்குள் இருக்கும் அந்தப் பை, இருக்கிறதே, அதற்குள் தள்ளிப் பூட்டிவிடும். அந்தச் சங்கிலியைச் செய்யும் நொதிக்குரிய கோதுமை மரபணுவை மதுவத்தில் (ஈஸ்ட்) போட்டபோது மதுவமும் கட்மியத்தைத் தாங்கியது, அது 1999இல்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்: தங்கச்சி, எங்களுக்கு வவுனியாவில் வயல். அப்படியொரு நெல் வந்தால் எந்த மண்ணிலும் விதைக்கலாம்தானே?

அவசரப்படாதீர்கள் அண்ணா. செடி தாங்குவது வேறு, சோறு சுத்தமாக இருப்பது வேறு. உலோகத்தை மணியில் சேர்த்துக்கொண்டு பச்சைப்பசேலென்று நிற்கிற பயிரைத்தான் எனக்குப் பயம், வாடினாலாவது நமக்குத் தெரியும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பக்கம் சுரங்கக் கழிவு வயல்களுக்குப் பாய்ந்து, அந்த அரிசியைச் சாப்பிட்டவர்கள், அதிலும் பெண்கள், எலும்பு நொறுங்கி வேதனைப்பட்டார்கள். "இத்தாய் இத்தாய்" என்றே நோய்க்குப் பெயர் வந்தது, வலிக்கிறது வலிக்கிறது என்று அர்த்தம். அதனால் உணவுப் பயிரில் நான் முதலில் கேட்பது, உலோகம் எங்கே போய் நிற்கிறது என்றுதான். நெல்லில் எச்எம்ஏ3 என்ற மரபணு கட்மியத்தை வேரிலேயே அடைத்துவைக்கும், அது பழுதான இனங்களில் தண்டுக்கும் மணிக்கும் ஏறிவிடும்.

இன்னொன்று தண்ணீர். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது கட்மியம் கந்தகத்தோடு பிணைந்து மண்ணில் கிடக்கும், வடித்துவிட்டால் அவிழ்ந்து வேருக்குப் போகும். இன்னொரு நச்சான ஆசனிக்குக்கு நேர்மாறு, தண்ணீர் நின்றால்தான் அது கரைந்து ஏறும். ஒன்றை அடக்கப் போய் மற்றதைக் கிளப்பிவிடக் கூடும் என்பதால்தான் விதையிலேயே தீர்வு தேடுகிறார்கள்.

வத்தளையிலிருந்து ஒருவர்: அக்கா, இதெல்லாம் வேறு உயிரின் மரபணுவைப் புகுத்துகிற வேலைதானே?

எப்போதும் அப்படியில்லை. கட்மியம் வேருக்குள் நுழையும் முக்கிய வாசல் என்ராம்ப்5 என்ற புரதம். ஜப்பானியர் கொஷிஹிகாரி நெல்லுக்குக் மரபணுவில் மாற்றம் வரட்டுமென்று காபன் அயன் கற்றை பாய்ச்சி, அந்த வாசல் பழுதான செடிகளைத் தேடிப் பிடித்தார்கள், 2012இல் வெளியிட்டார்கள். மணியில் கட்மியம் கிட்டத்தட்ட இல்லை, வெளியிலிருந்து எந்த மரபணுவும் போடவில்லை. மங்கனீசும் அதே வாசலால்தான் வருகிறது, ஆகவே மங்கனீஸ் குறைந்த மண்ணில் கவனம் வேண்டும். ஆனாலும் அவர்களுடைய வயலில் விளைச்சல் குறிப்பிடும்படி குறையவில்லை. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வேலை இது.

கொலன்னாவையிலிருந்து ஒரு அன்ரி: பிள்ளை, கழிவுநீர் வாய்க்கால் ஓரத்துக் கங்குனை உப்புத் தண்ணீரில் கழுவினால் சரியா?

இலையில் ஒட்டிய சேறும் தூசியும் போகும் அன்ரி, வேர் உறிஞ்சி உள்ளே ஏற்றியது போகாது. கீரைகள் தக்காளி, போஞ்சியை விடக் கூடுதலாகவே சேர்த்துவைக்கும். எங்கே வளர்ந்தது என்று விற்கிறவரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் நல்ல மண் போட்ட தொட்டியில் நான்கு தண்டை நட்டுவிடுங்கள், கங்குன் லேசில் பிடித்துவிடும்.