மஹால் வளைவும் கழுத்து வெட்டும்: கேள்வி பதில்

திருமங்கலம்: நாயக்கர் மஹால் வளைவு மாதிரி சுடிதார் கழுத்து தைச்சேன் அக்கா. முனையெல்லாம் சுருங்குது.

அந்த வளைவோட ஓரம் பூவிதழ் மாதிரி அடுத்தடுத்து வளைஞ்சிருக்கும். இதழுக்கு இதழ் நடுவுல இருக்குற பள்ளத்துல கத்தரி சரியா போகலை, அதான். பேப்பரை மடிச்சுப் பாதிக் கழுத்தை வரைங்க. பக்கத்துக்கு மூணு இதழ். இதழோட அகலம் ஒரு இஞ்சுக்குக் குறைஞ்சா திருப்பும்போது உருண்டுக்கும். ஃபேசிங்ல, அதான் கழுத்துக்கு உள்பக்கமா திருப்புற துணியில, விறைப்பா நிக்க கேன்வாஸ் ஒட்டி, கோடு போட்டு, முதல்ல தையல், அப்புறம்தான் வெட்டு. முன்னாடியே வெட்டினா கழுத்து இழுத்துக்கிட்டு நீளும். பள்ளத்துல தையலைப் பொடிசாக்கி, திரும்புற இடத்துல குறுக்கே ஒரே ஒரு தையல் போடுங்க. கால் இஞ்ச் விட்டு வெட்டி, பள்ளத்துல தையலுக்கு ரெண்டு இழை முன்னாடி வரைக்கும் நறுக்கிட்டுத் திருப்புங்க.

சுங்குடின்னா வெட்டுறதுக்கு முன்னாடி நனைச்சுக் காயவைங்க.

மேலூர்: மஹால் தூண் மாதிரி வரிவரியா ப்ளீட்ஸ் (மடிப்பு) வச்ச பாவாடை?

அந்தத் தூண்ல வரியே கிடையாது, உருண்டையா மொழுமொழுன்னு இருக்கும். வரி வேணும்னா கிரேக்கத் தூணைப் பாருங்க. முழு மடிப்புக்கு இடுப்பைப் போல மூணு மடங்கு துணி: 28 இடுப்புக்கு 84 இஞ்ச், தையலுக்குத் தனி. காட்டன்ல மடிப்பு ஒரு துவைப்புல போயிடும். ஜப்பான் டிசைனர் இஸ்ஸே மியாகே 1993-ல கொண்டுவந்த ப்ளீட்ஸ் பாலியஸ்டர்; பெரிசா தைச்சுட்டு, அப்புறம் சூட்டுல மடிக்கிறது.

துணிக்கடைக்காரர், மதுரை: கோபுரம் அச்சடிச்ச குர்த்தாதான் ஓடுது. கட்டடம்னா அதுதானே?

அது வெறும் படம். கோபுரம் மேலே போகப் போக ஒடுங்குதே, அதை எடுங்க. அடுக்குப் பாவாடையில மேலிருந்து 7, 10, 14 இஞ்ச் உயரம். ஒவ்வொரு அடுக்கும் மேலே இருக்குறதைப் போல ஒன்றரை மடங்கு சுத்தளவு.

அவரே: வாங்குறவங்களுக்கு அந்தக் கணக்கு தெரியவா போகுது?

தெரியாது, போட்டா நல்லா விழுதுன்னு தெரியும். உங்க குர்த்தாவுல கோபுரம் பின்பக்கம் வந்தா அது மேலேயே உட்காருவாங்க. சண்டைக்கு வர மாட்டாங்களா?

உசிலம்பட்டி: அப்போ சேலையில கோபுரக் கரை மட்டும் படமில்லையா?

நல்ல கேள்வி. அதுல சிலையும் இல்லை, கலசமும் இல்லை. கோபுரத்தை முக்கோணமா சுருக்கி, நெய்யுறதுக்குத் தோதா ஆக்கிட்டாங்க. நான் சொல்றதும் அதைத்தான்.

மூணு பேர்: ஃபேஷனுக்குக் கட்டடக்கலை படிக்கணுமா?

வேண்டாம். பெரிய டிசைனர்கள்ல ஜியான்பிராங்கோ ஃபெர்ரே படிச்சார், வர்ஜில் அப்லோ படிச்சார். அதே மாதிரி பெரிய டிசைனரான பலென்சியாகா படிக்கலை.

காரைக்குடி: ஆத்தங்குடி டைல்ஸ் டிசைன் டாப்ஸ்?

8 இஞ்ச் டைலை அப்படியே போட்டா உடம்புல ரெண்டுதான் தெரியும். 3 இஞ்சா குறைங்க. பக்கத் தையல்ல பொருந்த, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டிசைன் அளவு துணி கூடுதலா வாங்குங்க.

சோழவந்தான்: சுங்குடிக் கழுத்து துவைச்சதும் சுருங்கிடுச்சு…

முதல் பதிலோட கடைசி வரி.