வார்டரின் லீவு லெட்டர்

வணக்கம் ஐயா,

சீருடைப் பணியாளர் தேர்வில் தேறிவிட்டேன். ஆனால் கிடைத்திருப்பது இரண்டாம் நிலை சிறைக் காவலர், அதாவது வார்டர் வேலை. போலீஸ் கிடைக்கவில்லை. ‘கைதிக்குக் கதவு திறந்துவிடவா இவ்வளவு ஓடினே’ என்கிறார் அப்பா. யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்கிறார் அத்தை. சேர்வதா, அடுத்த தேர்வுக்குக் காத்திருப்பதா? சேர்ந்தால் சிறை நூலகத்தைச் சீராக்கிக் கைதிகளிடம் வாசிப்பை வளர்க்கலாம் என்று ஓர் ஆசையும் உண்டு. இன்னொன்று, இன்றைக்குக் கைதிக்கு இருக்கிற மனித உரிமைகூட வார்டருக்கு இல்லை என்கிறார்களே, உண்மையா? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

அத்தையை விடுங்கள். பெண் கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். சம்பளமும் பதவி உயர்வும் உங்கள் கோச்சிங் சென்டர்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நூலகம் நல்ல எண்ணம்தான், அது இருக்கட்டும். உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

கைதிக்கு இருக்கிற உரிமைகூட வார்டருக்கு இல்லை என்ற அந்த வரியை இனி எங்கும் சொல்லாதீர்கள். 2022ஆம் ஆண்டுக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்கள் என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை. ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாதவர்களும், வாய்தாவுக்கு வாய்தா காத்துக் கிடப்பவர்களும் அதில் எத்தனையோ பேர். நெருக்கியடித்து ஒருக்களித்துப் படுக்கிற இவர்களுக்கு உரிமை கூடிப்போய்விட்டது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கைதியிடமிருந்து பிடுங்கியதை எந்தச் சிறையிலும் வார்டருக்குக் கொடுத்ததில்லை. படித்த பிள்ளை நீங்கள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லலாமா?

ஆனால் அந்த வரியைச் சொல்கிற வார்டரின் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், பொறுமையாகப் படியுங்கள்.

ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறைக்கு இரவும் உண்டு. மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் 18 பேருக்கு ஒருவர். நாடு முழுக்கச் சிறைப் பணியிடங்களில் நூற்றுக்கு 30 போலக் காலியாகக் கிடக்கின்றன. அதைக் கழித்தால் 25 பேருக்கு ஒருவர்கூட இல்லை. வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் 30 பேருக்கு ஒருவர். மெயின் கேட்டில் ஆள் வேண்டும். டவரில் பாரா வேண்டும். மனு பார்க்க, அதாவது மனுப் போட்டுக் கைதியைப் பார்க்க, வருகிற கூட்டத்தைச் சமாளிக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கைதிக்குக் காவல் இருக்க வேண்டும், ரிஜிஸ்டர் எழுத வேண்டும். அப்புறம், எந்தப் பட்டியலிலும் வராத ஓர் இடம் இருக்கிறது. அதிகாரி வீடு. அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்கிற ஆர்டர்லி முறையைத் தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1979லேயே அரசாணை போட்டு ஒழித்தார்கள். சிறையில் சீருடைக்காரர்களை வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள் என்ற புகாரோ இன்றுவரை கோர்ட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இத்தனையும் போக, மாலையில் கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டுகிற லாக்கப் முடிந்தபின் ஒரு பிளாக் முழுவதற்கும் மிஞ்சுவது ஒரே ஒரு வார்டர். அவருக்கும் மறுநாள் ஓய்வு கிடையாது. காலி இடத்தை அரசு நிரப்புவதில்லை. இருக்கிற வார்டரின் தூக்கத்தை எடுத்து நிரப்புகிறார்கள்.

அந்தத் தூக்கம் என்ன விலை என்று கேளுங்கள். 2022இல் மட்டும் இந்தியச் சிறைகளில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். நாடு முழுவதற்கும் சிறைகளில் இருக்கும் உளவியலாளர்கள் 25 பேர் என்று 2025ஆம் ஆண்டு இந்திய நீதி அறிக்கை சொல்கிறது. அப்படியானால் நேற்று மனு பார்க்க வந்த மனைவி என்ன சொல்லிவிட்டுப் போனாள், இவன் ஏன் ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை, துண்டை ஏன் கையிலேயே சுருட்டி வைத்திருக்கிறான் என்பதையெல்லாம் கவனிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? இரண்டு டூட்டி சேர்த்துப் பார்த்துவிட்டுக் கண்ணெரிய நடந்துவருகிற அந்த வார்டர்தான். அவர் கண் ஒரு நிமிடம் அசந்தால் ஓர் உயிர் போகும். மறுநாள் சஸ்பெண்ட் ஆகப்போவதும் அவர்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மத்திய சிறையில் இலக்கியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்துத் திரும்பும்போது கேட் வரைக்கும் ஒரு வார்டர் கூடவே வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைக் காலரின் உள்பக்கம் வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முந்தின நாள் போட்ட சட்டை என்று பார்த்தாலே தெரிந்தது. யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் நின்று, “சார், ஒரு லீவு லெட்டர் எழுதித் தரணும். நீங்க எழுதினா அதிகாரி மனசு இறங்கும்” என்றார். மகளுக்குச் சடங்கு. ஏற்கெனவே எழுதிக் கொடுத்தது திரும்பி வந்துவிட்டது. ஆள் இல்லை என்று ஒரே வரி.

“உள்ளே நல்லா எழுதுறவங்க யாரும் இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்கான் சார், ஒரு ஆயுள் கைதி. மனு எழுதுறதுல மன்னன். ஆனா அவன்கிட்ட நான் எழுதி வாங்கிட்டேன்னா, நாளைக்கு அவன் ஒண்ணு கேப்பான். மொதல்ல பீடி. அப்புறம் சிம் கார்டு. எப்படிச் சார் இல்லைன்னு சொல்றது?”

நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன். லீவு கிடைத்ததா என்று தெரியாது. சிறைக்குள் செல்போன் எப்படிப் போகிறது, கஞ்சா எப்படிப் போகிறது என்று பத்திரிகைகள் எவ்வளவோ எழுதுகின்றன. அந்த மனிதர் சொன்ன மூன்று வரிகளில் இருந்த விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. காசுக்காக விலைபோகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் விடுப்பை நேர்வழியில் வாங்க முடியாத ஆள் வேறு யாரிடமாவது கடன்பட்டே ஆகவேண்டும். சிறையில் கடன் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் யார் என்று நீங்களே யோசியுங்கள்.

2023 மே 2ஆம் தேதி திகார் சிறையில் டில்லு தாஜ்புரியா என்ற ரவுடியை எதிர்க் கோஷ்டி குத்திக் கொன்றது. வீடியோ வந்தது, பார்த்திருப்பீர்கள். குத்துப்பட்டவரைத் தூக்கி வருகிறார்கள். காவலர்கள் சுற்றி நிற்கும்போதே மறுபடியும் குத்துகிறார்கள். அங்கே நின்றவர்கள் நம் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினர். ஏழு பேரைச் சஸ்பெண்ட் செய்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கை கட்டி நின்றதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் டெல்லிச் சிறைக்குத் தமிழ்நாட்டுப் படை எதற்கு? இந்தி தெரியாதவன் கைதியோடு சேரமாட்டான் என்பதுதான் காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். பாருங்கள், கைதி பேசுவது புரியாத காவலரே நல்ல காவலர் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மனிதர் இல்லை, சுவர். இரண்டு கோஷ்டிக்கு நடுவில் காலையிலிருந்து என்ன புகைகிறது என்று சுவருக்கு எப்படித் தெரியும்?

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், எந்தச் சீர்திருத்தமும் கடைசியில் அந்த ஒரு வார்டர் கைக்குத்தான் வந்து சேர்கிறது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பிளாக் இருப்பதைப் பற்றி 2014இல் ஒரு வழக்கு. மோதல் வராமல் இருக்கத்தான் என்று அரசு சொன்னது, சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சாதி பார்த்துச் சமையலும் துப்புரவும் ஒதுக்குகிற விதிகளையும் செல்லாது என்றது. மகத்தான தீர்ப்பு, தலை வணங்குகிறேன். ஆனால் காலையில் துடைப்பத்தை யார் கையில் கொடுப்பது என்று முடிவாவது பிளாக்கில். அங்கே ஒற்றை ஆளாக நிற்கிறவர் யாருடைய துணையோடு பிளாக்கை ஓட்டுவார்? கைதிகளில் பலம் உள்ளவனின் துணையோடுதான். அவன் பலம் சாதியிலிருந்து வருகிறது. ஆள் இல்லாத சிறையில் சாதிதான் டூட்டி பார்க்கும்.

சிறைச் சீர்திருத்தத்துக்காக மத்திய அரசு அமைத்த முல்லா கமிட்டி 1983இலேயே சிறைக்கென்று தனி அகில இந்தியப் பணி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. இன்றுவரை வரவில்லை. நம் மாநிலத்தில் துறைத் தலைமைக்கு ஐபிஎஸ் அதிகாரிகள் வருகிறார்கள், சில காலம் இருக்கிறார்கள், மாறிப் போகிறார்கள். நல்லவர்களும் வருகிறார்கள். சிறைக்குள்ளேயே வேலை செய்து தலை நரைத்த ஆள் அந்த நாற்காலிக்கு வர வழியில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேருங்கள். உங்களைப் போல நாலு புத்தகம் படித்தவர்கள் அங்கே போகவேண்டும். போனதும் ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்கு டூட்டி ஏறினீர்கள், எப்போது இறங்கினீர்கள், அன்று உங்கள் பிளாக்கில் எத்தனை பேர், எத்தனையாவது நாள் ஓய்வில்லாமல் போகிறது. இவ்வளவுதான், கைதிகளைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். காகிதத்தில் இருக்கும் பணியிடக் கணக்கை அரசு கோர்ட்டில் எடுத்து வைக்கும்போது, எதிரே வைக்க வார்டர்களிடம் இப்படி எதுவும் இருப்பதில்லை.

உங்கள் அப்பாவிடம் நான் பேச வேண்டுமென்றால் நம்பர் அனுப்புங்கள். நூலகத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். எந்த ஊரில் போஸ்டிங் என்று தெரிந்ததும் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்.