காக்டெய்ல் பறவைகள் நடுராத்திரியில் மிரண்டு அடித்துக்கொள்வது ஏன்?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். வீட்டுத் தாழ்வாரத்தில் 3 அடி நீளக் கூண்டில் இரண்டு ஜோடி காக்டெய்ல் (cockatiel, கொண்டை வைத்த சிறு கிளி) வளர்க்கிறேன். இரண்டு மாதமாக நடுராத்திரியில் திடீரென்று நாலும் சேர்ந்து கூண்டு முழுக்க அடித்துக்கொள்கின்றன. போன வாரம் ஒன்றின் இறக்கையில் ரத்தம். பூனைக்குப் பயந்து கூண்டை முழுசாகப் போர்வை போட்டு மூடுகிறேன். அதே சுவரில்தான் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டி. ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தால் ஆட்டோ ஸ்விட்ச் மோட்டாரைத் தானாக ஓட்டிவிடும். இறக்கையை வெட்டிவிட்டால் சரியாகுமா? ஒரு ஜோடி முட்டை வைத்திருக்கிறது.

பதில்: இறக்கையை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டினாலும் மிரட்சி நிற்காது. இறக்கை வெட்டிய பறவையும் அதே வேகத்தில்தான் எழும்பும். எழும்பித் தாங்கமுடியாமல் நெஞ்சு அடிபட விழும். நெஞ்செலும்பின் மேல்தோல் பிளந்துவிட்டால் ஆறுவது கடினம்.

இதை நைட் ஃப்ரைட், அதாவது ராத்திரி மிரட்சி என்பார்கள். நோய் இல்லை. காக்டெய்லின் சொந்த நாடு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளி. அங்கே அது கூட்டமாக மரத்தில் அடையும். ஆபத்து என்றால் பறந்து தப்புவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு சத்தமோ ஆட்டமோ வந்தால் என்ன, எங்கே என்று பார்க்க முடியாமல் எழும்பிவிடுகிறது. ஒன்று எழும்பினால் மற்ற மூன்றும் எழும்பும். மஞ்சளும் வெள்ளையுமான லுட்டினோ ரகம் மற்றதைவிட அதிகம் மிரளும் என்பது வளர்ப்பவர்களின் பொதுவான அனுபவம். உங்களிடம் அது இருந்தால் முதலில் எழும்புவது அதுவா என்று கவனியுங்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முதல் சந்தேகம் ஸ்டார்ட்டர் பெட்டி மேல்தான். கரண்ட் வந்ததும் உள்ளே கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) டக்கென்று விழும். அந்த அதிர்வு அதே சுவர் வழியாகக் கூண்டுக்குப் போகும். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கி வீட்டு விளக்கும் ஒருமுறை மினுங்கும். தூங்கும் பறவைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் போதும். சோதிப்பது எளிது: மூன்று ராத்திரி ஆட்டோவை அணைத்து வையுங்கள். அந்த மூன்று நாளும் அமைதியாக இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. பாய்ச்சலுக்கு ஆட்டோ வேண்டுமே என்றால் கூண்டை எதிர்ச் சுவருக்கோ உள் அறைக்கோ மாற்றுங்கள். சுவரில் ஒட்டாமல் தனி ஸ்டாண்டில், உங்கள் கண் உயரத்தில், ஒரு பக்கமாவது சுவர் மறைப்பு இருக்கும்படி வைக்க வேண்டும். சாலையில் திரும்பும் வண்டியின் ஹெட்லைட் அந்த இடத்தில் விழுகிறதா என்று ராத்திரி ஒருமுறை நின்று பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். கும்மிருட்டு வேண்டாம். அரை வாட்ஸ் எல்இடி நைட் லேம்ப், மஞ்சள் நிறத்தில், கூண்டிலிருந்து 5, 6 அடி தள்ளி மாட்டுங்கள். உட்காரும் குச்சி எங்கே இருக்கிறது என்று மங்கலாகத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் வெளிச்சம் கொடுத்தால் தூக்கம் கெடும். தினமும் 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் காக்டெய்லுக்கு அவசியம். விளக்கைக் கூண்டுக்குப் பக்கத்தில் மாட்டினால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி கம்பியில் ஓடினால் அதுவே புது மிரட்சி. மிக முக்கியமாக, இந்த விளக்கு கரண்ட் போனாலும் அணையக் கூடாது. மங்கல் வெளிச்சத்தில் பழகிய பறவைக்குத் திடீர் இருட்டு இன்னும் பெரிய பயம். இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள், அல்லது சார்ஜ் நிற்கும் எமர்ஜென்சி பல்பு போடுங்கள். நிறம் மாறி மாறி எரியும் அலங்கார விளக்கு கூடவே கூடாது.

போர்வை விஷயத்தில் உங்கள் எண்ணம் சரி, முறைதான் தவறு. முழுக்க மூடினால் உள்ளே இருட்டு, வெளியே என்ன சத்தம் என்று பறவைக்குத் தெரியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றும் நின்றுவிடும். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மட்டும் பருத்தித் துணியால் மறைத்து, விளக்கைப் பார்த்த முன்பக்கத்தைத் திறந்து விடுங்கள். துணி காற்றில் படபடக்காமல் கிளிப் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். பூனையைத் துணி தடுக்காது. கூண்டைச் சுற்றி 3 இஞ்சு இடைவெளி விட்டு அரை இஞ்சு கண் உள்ள வெல்டு மெஷ் வலை அடித்தால் பூனையின் கை உள்ளே எட்டாது. எலி வருவது சிந்திய தினைக்காக. பொழுது சாயும்போது அடித்தட்டை எடுத்துக் கொட்டிவிட்டு, கூண்டுக்குக் கீழே பெருக்குங்கள். எலி வந்தால் அதன் பின்னாலேயே பாம்பும் வரும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். கொசுவர்த்திச் சுருள், மேட், லிக்விட் எதுவும் பக்கத்தில் வேண்டாம், பறவையின் நுரையீரல் தாங்காது.

இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு முறை மிரளத்தான் செய்யும். அப்போது அடிபடாமல் இருப்பது கூண்டின் உள் அமைப்பைப் பொறுத்தது. காக்டெய்ல் தலை முதல் வால் வரை ஒரு அடி, அதில் பாதி வால். அதனால் தூங்கும் குச்சி கம்பியிலிருந்து 6, 7 இஞ்சு உள்ளே இருக்க வேண்டும். வேப்பங்குச்சியோ கொய்யாக் குச்சியோ கட்டைவிரல் பருமனில், கூண்டின் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று உயரம் ஒன்று தாழ்வு என்றால் உயரமான இடத்துக்குச் சண்டை போடும். நடுப்பகுதி காலியாக இருக்கட்டும். ஊஞ்சல், மணி, கண்ணாடி எல்லாவற்றையும் சாயங்காலம் வெளியே எடுத்துவிடுங்கள். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை விரலால் தடவிப் பார்த்து அரத்தால் தேயுங்கள். இறக்கையில் ரத்தம் வந்தது இப்படி ஒரு முனையில் பட்டதாலும் இருக்கலாம்.

ஆட்டோவை அணைத்த பிறகும் தொடர்ந்தால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கோழியிடமிருந்து வரும் சிவப்பு உண்ணி பகலில் முட்டைப் பெட்டியின் இடுக்கில் ஒளிந்து, ராத்திரி ஏறி ரத்தம் குடிக்கும். பறவை நிம்மதியாக உட்காராது. ராத்திரி பெட்டிக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். விடிவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தால் குத்தூசி முனை அளவில் சிவப்பாக நகரும். வீட்டில் ஆட்டுக்குப் போட வைத்திருக்கும் ஐவர்மெக்டின் உண்ணி மருந்தை எடுத்து நீங்களாக அளவு போடாதீர்கள். 90 கிராம் உடம்புக்குத் துளி கூடினாலும் ஆபத்து. உங்கள் பக்கத்து ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பறவையைக் கொண்டுபோய்க் காட்டி மருந்து வாங்குங்கள்.

மிரளும்போது ஓடிப்போய்க் கையை உள்ளே விடாதீர்கள். தூரத்திலிருந்தே மெதுவாகப் பேச்சுக் கொடுத்து, பிறகு தாழ்வாரத்து விளக்கைப் போடுங்கள். டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்க வேண்டாம். பார்வை கிடைத்ததும் அவையே குச்சியில் ஏறும். மூச்சு தணியும்வரை, ஒரு கால் மணி நேரம், பெரிய விளக்கு எரியட்டும்.

அதற்குள் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அது முறிந்தால் சொட்டிக்கொண்டே இருக்கும். இந்தப் பறவையின் உடம்பில் மொத்தமே 8, 9 மில்லி ரத்தம்தான். 20 சொட்டு என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி போய்விட்டது என்று கணக்கு. சோள மாவை (கார்ன் ஃப்ளோர்) தொட்டுச் சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. சுண்ணாம்பு தோலைச் சுடும், எண்ணெய் இறகில் ஒட்டும், இரண்டும் வேண்டாம். முறிந்த இறகை நீங்கள் பிடுங்கவும் வேண்டாம். ரத்தம் மறுபடி கசிந்தாலோ, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ, இறக்கை தொங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

முட்டை வைத்த ஜோடிக்கு வருவோம். ராத்திரி அடையில் இருப்பது பெரும்பாலும் பெட்டைதான். மிரண்டு வெளியே வந்துவிட்டால் இருட்டில் பெட்டிக்குத் திரும்ப வழி தெரியாமல் குச்சியிலேயே உட்கார்ந்துவிடும், முட்டை குளிர்ந்துபோகும். நைட் லேம்ப் பெட்டி வாசல் தெரியும்படி இருக்க வேண்டியது இதனால்தான். அடைக்காலம் 18 முதல் 21 நாள். அதுவரை பெட்டியை இடம் மாற்றாதீர்கள். கூண்டையே மாற்ற வேண்டியிருந்தால் பகலில், அசைக்காமல், நாளுக்கு இரண்டடியாக நகர்த்துங்கள்; முதல் மூன்று ராத்திரிக்கு ஆட்டோவை அணைத்து வைப்பதே சுலபம். இன்னொரு ஜோடியைத் தனிக் கூண்டுக்கு எடுத்துவிடுங்கள். ஒரு ராத்திரி குளிர்ந்ததற்காக முட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். ஏழாம் நாளுக்கு மேல், பெட்டை தீனிக்கு இறங்கும் நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது.