தத்தெடுத்த பையன் "எனக்குப் பசங்களத்தான் பிடிக்குது"ன்னு சொல்லிட்டான், கவுன்சலிங்ல மாறுவானா?

கேள்வி: நாங்க பெங்களூரு அல்சூர்ல இருக்கோம். பையனுக்கு 16 வயசு, பி.யு.சி. முதல் வருஷம், அதாவது பிளஸ் ஒன். கைக்குழந்தையா இருந்தப்ப ஏஜென்சி மூலமா முறைப்படி கோர்ட் ஆர்டரோட தத்தெடுத்தோம், அது இன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. போன மாசம் ஒரு நாள் ராத்திரி எங்கிட்ட வந்து உக்காந்து, "அம்மா எனக்குப் பொண்ணுங்க மேல அப்படித் தோணல, பசங்களத்தான் பிடிக்குது"ன்னு சொல்லிட்டான். நான் அவங்க அப்பாகிட்ட சொன்னேன், அன்னிலேர்ந்து அவர் இவன்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. மாமியார் "நம்ம ரத்தமா இருந்தா இப்படி இருக்குமா"ன்னு முணுமுணுக்கறாங்க. கவுன்சலிங் கூட்டிட்டுப் போனா மாறுவானா? தத்து விஷயத்த இப்பவே சொல்லிடலாமா?

பதில்: மாறுவானாங்கறதுக்கு நேரா பதில் சொல்லிடறேன். மாற மாட்டான். மாத்தறதுக்குன்னு யாரும் முயற்சி பண்ணவும் கூடாது. ஏன்னா இது நோய் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990லயே இத நோய்ப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுச்சு. நம்ம நாட்டு மனநல டாக்டர்களோட சங்கமான இண்டியன் சைக்கியாட்ரிக் சொசைட்டியும் 2018ல இத வியாதியா பாக்கக் கூடாதுன்னு வெளிப்படையா சொல்லிட்டாங்க, அதே வருஷம் செப்டம்பர் 6ந் தேதி சுப்ரீம் கோர்ட் இந்திய தண்டனைச் சட்டத்தோட 377வது பிரிவுல வயசு வந்தவங்க சம்மதத்தோட வச்சுக்கற உறவு குற்றம் இல்லன்னு தீர்ப்பு குடுத்தாச்சு.

இது எல்லாத்தையும் விட நம்ம தமிழ்க் குடும்பங்க தெரிஞ்சிக்க வேண்டியது 2021 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல நடந்தது. மதுரைலேர்ந்து சென்னைக்கு வந்துட்ட ரெண்டு பொண்ணுங்க, வீட்டுலேர்ந்தும் போலீஸ்லேர்ந்தும் பாதுகாப்பு கேட்டுப் போட்ட கேஸ். ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் என்ன பண்ணார்னா, அந்தப் பொண்ணுங்களையும் பெத்தவங்களையும் கவுன்சலிங்குக்கு அனுப்பிச்சார், அதோட நிக்காம எனக்கே இதப் பத்தி சரியாத் தெரியாதுன்னு சொல்லி அவரே ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டு அப்புறம்தான் தீர்ப்பு எழுதினார். "மாத்தறேன்"ங்கற வைத்தியத்துக்கெல்லாம் அந்த உத்தரவுல தடை போட்டார். அடுத்த வருஷமே நேஷனல் மெடிக்கல் கமிஷன், எந்த டாக்டர் அந்த மாதிரி வைத்தியம் பண்ணாலும் அது தொழில் ஒழுக்கக்கேடுன்னு நாடு முழுக்க அறிவிச்சிருச்சு. அதனால பெங்களூர்ல யாராவது "பத்து சிட்டிங் குடுங்க, சரி பண்ணிடலாம்"னு சொன்னா, கட்டுன ஃபீஸ் போனாப் போவுதுன்னு எழுந்து வந்துடுங்க. அந்த மாதிரி இடத்துக்குப் போய் உடைஞ்சு வர்ற பிள்ளைங்கள நான் பாத்துட்டே இருக்கேன், அவங்கள நிமித்தி எடுக்க வருஷக்கணக்குல ஆகுது.

அப்புறம் மாமியார் சொன்ன ரத்தம். தத்தெடுத்ததுக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. பெத்து வளர்த்த பிள்ளைங்கள்லயும் இப்படி இருக்காங்க, கூட்டுக் குடும்பத்துல இருக்காங்க, சாமி கும்பிடுற குடும்பத்துல இருக்காங்க. நீங்க வளர்த்த விதத்துல தப்பு நடந்துருச்சோன்னு ராத்திரி தூக்கம் இல்லாம யோசிச்சிருப்பீங்க, அது தேவையே இல்ல.

ஆனா அந்தப் பேச்சு உங்க வீட்டுல இப்ப ரொம்ப ஆபத்து. பெரியவங்க ஒரு கோவத்துல "நீ இந்த வீட்டுப் பிள்ளையே இல்ல"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டாங்கன்னா, 16 வருஷமா மறைச்சது ஒரு நிமிஷத்துல தப்பான வாயிலேர்ந்து தப்பான நேரத்துல வெளில வந்துடும். இன்னிக்கே உங்க வீட்டுக்காரர் தன்னோட அம்மாவத் தனியா கூப்பிட்டு, இத யார்கிட்டயும் பேசக்கூடாது, முக்கியமா அவன் காதுல விழற மாதிரி எதுவும் வேண்டாம்னு சொல்லணும், மருமக சொன்னா வேற மாதிரி ஆகும், மகன்தான் சொல்லணும்.

அடுத்து, தத்து விஷயத்த எப்ப சொல்றது. சொல்லியே ஆகணும், அதுல ரெண்டாவது கருத்துக்கே இடமில்ல. மூணு நாலு வயசுலேர்ந்து கதை மாதிரி சொல்லிட்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், அது முடிஞ்சு போச்சு, விடுங்க. இப்ப நான் பயப்படறது வரிசையப் பத்தி. கொஞ்சம் அவன் எடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. போன மாசம் "எனக்குப் பசங்களப் பிடிக்கும்"னு சொன்னான். அப்பா பேச்ச நிறுத்திட்டார். இந்த மாசம் அம்மா வந்து "நீ நாங்க பெத்த பிள்ளை இல்லடா"ன்னு சொல்றாங்க. அவன் என்ன கணக்குப் போடுவான்? நான் இப்படின்னு தெரிஞ்ச உடனே கைகழுவறாங்கன்னுதான் போடுவான். தத்துப் பிள்ளைங்க மனசு அடியில ஒரு பயம் இருக்கும், ஒரு தடவ விட்டுட்டாங்க, இன்னொரு தடவ விட்டுடுவாங்களோன்னு. எல்ஜிபிடிக்யூ, அதாவது உங்க பையன் மாதிரி தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க, திருநர்னு இருக்கற பிள்ளைங்களுக்கு வேற ஒரு பயம், உண்மை தெரிஞ்சா வீட்டுல ஒதுக்கிடுவாங்கன்னு. உங்க பையன் விஷயத்துல ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும். அதனாலதான் சொல்றேன், முதல்ல இவன் சொன்ன விஷயத்துல வீடு அவன் பக்கம் நிக்குதுன்னு அவனுக்குக் கண்கூடா தெரியணும், அதுக்கு அப்புறம் தத்து. நடுவுல சில வாரம் போதும், "பி.யு.சி. முடியட்டும், காலேஜ் முடியட்டும்"னு தள்ளிப் போடாதீங்க.

கண்கூடான்னா பெரிய பேச்செல்லாம் வேண்டாம். அப்பா பழைய மாதிரி அவன பைக்ல ஏத்திட்டுப் போய் டியூஷன்ல விடணும், சாப்பாட்டுல பக்கத்துல உக்காரணும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னா போதும்: "எனக்கு இது புரிய கொஞ்சம் டைம் ஆகும்டா, ஆனா நீ என் பிள்ளை, அதுல ஒண்ணும் மாறல." புரியாமயே இத சொல்லலாம், பொய் இல்ல. நீங்களும் அவன் அனுமதி இல்லாம அக்கா தங்கச்சி, காலேஜ் லெக்சரர், அக்கம்பக்கம் யார்கிட்டயும் இத சொல்லாதீங்க, யார்கிட்ட எப்ப சொல்றதுங்கறது அவன் முடிவு. அப்பாகிட்ட நீங்க சொன்னது கூட அவனக் கேட்டுட்டு சொன்னதான்னு எனக்குத் தெரியல, கேக்காம சொல்லியிருந்தா ஒரு சாரி சொல்லிடுங்க. போனப் பிடுங்கி வைக்கற வேலையும் வேண்டாம், அவனுக்கு மனசு விட்டுப் பேசற ஒண்ணு ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் அதுலதான் இருப்பாங்க.

சரி, கவுன்சலிங்ல என்னதான் நடக்கும். நல்ல கவுன்சலர் முதல் தடவ உங்க ரெண்டு பேரையும் தனியா பாப்பாங்க, அவன தனியா பாப்பாங்க. அவன் உள்ள பேசறது எல்லாம் உங்ககிட்ட வராது, "அவன் என்ன சொன்னான்"னு வெளில வந்ததும் கேக்காதீங்க. எது ரகசியமா இருக்கும், எது இருக்காதுன்னு முதல் நாளே அவன்கிட்டயும் உங்ககிட்டயும் சொல்லிடுவாங்க. உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா பெத்தவங்ககிட்ட சொல்லுவாங்க, யாராவது அவன பாலியல் ரீதியா துன்புறுத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சா 2012 போக்சோ சட்டப்படி போலீஸுக்கு சொல்லியே ஆகணும். மத்தது அவனுக்கும் கவுன்சலருக்கும் நடுவுல. அவன்கிட்ட கவுன்சலர் பாக்கறது, காலேஜ்ல யாராவது கிண்டல் பண்றாங்களா, தூக்கம் எப்படி, தன்னப் பத்தி தனக்கே வெறுப்பு இருக்கா, இதெல்லாம்தான். உங்ககிட்ட பாக்கறது உங்க பயத்த. "கல்யாணம் ஆகாதே, கடைசி காலத்துல யார் பாப்பா, சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க"ன்னு மனசுல ஓடறதெல்லாம் அங்க கொட்டுங்க, அவன் முன்னாடி கொட்டாதீங்க. உண்மையச் சொல்லணும்னா இந்த மாதிரி கேஸ்ல பாதி வேலைக்கு மேல பெத்தவங்களோடதான், முக்கியமா அப்பாக்களோட.

தத்து விஷயத்த சொல்றதுக்கும் கவுன்சலர் உங்களத் தயார் பண்ணுவாங்க, ஆனா சொல்ல வேண்டியது நீங்க ரெண்டு பேரும், உங்க வீட்டுல, ஒரு லீவு நாள் காலைல. அடுத்த நாள் டெஸ்ட் இருக்கறப்ப வேண்டாம், பிறந்த நாள் அன்னிக்கு வேண்டாம். "உன்னப் பெத்தவ தூக்கிப் போட்டுட்டா"ங்கற மாதிரி ஒரு சொல் கூட வரக்கூடாது, அதே மாதிரி தெரியாத விஷயத்த அழகாக் கதை கட்டியும் சொல்லக்கூடாது. "நீ என் வயித்துல பொறக்கல. உன்னப் பெத்தவங்களால அப்ப வளர்க்க முடியாத நிலைமை, ஏன்னு எங்களுக்கு முழுசாத் தெரியாது. உன்ன இந்த மாசம் இந்த ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்தோம். முன்னாடியே சொல்லியிருக்கணும், பயந்துட்டோம்." இவ்வளவுதான். அப்புறம் வாய மூடிட்டு அவன் கேக்கறதுக்கு மட்டும் பதில். கோவப்படுவான், ரெண்டு நாள் பேச மாட்டான், "இத்தனை வருஷம் பொய்யா"ன்னு கத்துவான். கத்தட்டும், அதுக்கு பதில் விளக்கம் குடுத்து வாதாட வேண்டாம்.

தத்தெடுத்தப்ப வாங்கின கோர்ட் ஆர்டர் காப்பிய எடுத்து வைங்க, அவன் கையில குடுத்துப் படிக்க சொல்லுங்க. தத்தெடுத்த பிள்ளைக்கு பெத்த பிள்ளைக்கு இருக்கற எல்லா உரிமையும் உண்டு, அது நிரந்தரம்னு ஜுவனைல் ஜஸ்டிஸ் சட்டம் தெளிவா சொல்லுது. கோவத்துல யாரும் அத ரத்து பண்ண முடியாதுன்னு அந்தப் பேப்பர்ல பாக்கறப்ப அந்த வயசுப் பிள்ளைக்கு அது ரொம்பப் பெருசு. தன்னோட வேர் எங்கன்னு தேடணும்னு கேட்டா, தத்தெடுப்பக் கவனிக்கற மத்திய அரசோட காரா அமைப்பு விதிகள்ல அதுக்கு வழி இருக்கு, 18 வயசுக்கு அப்புறம் அவனே விண்ணப்பிக்கலாம், அதுக்கு முன்னாடின்னா உங்களோட சேர்ந்து. எல்லா விவரமும் கிடைக்கும்னு மட்டும் வாக்குக் குடுத்துடாதீங்க, பெத்தவங்க தன்னோட விவரத்த ரகசியமா வைக்கச் சொல்லியிருந்தா அதையும் மதிப்பாங்க. தத்தெடுத்தா முதல் ரெண்டு வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஏஜென்சிலேர்ந்து வந்து பாத்துட்டுப் போவாங்க, அதுக்கப்புறம் யாரும் வர்றதில்ல. ஆனா பிள்ளைக்கு உண்மையிலயே உதவி வேணும்கறது இந்தப் பதினாலு பதினஞ்சு வயசுலதான், இத மாத்தணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றேன்.

ஃபாஸ்டர் கேர்ல, அதாவது தத்தெடுக்காம தற்காலிகமா வீட்டுல வச்சுப் பிள்ளைய வளர்க்கறவங்களுக்கும் இங்கயே ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைக்கு வேற ஒரு குடும்பம் இருக்குன்னு தெரியும், எப்ப திரும்பப் போவோம்னு தெரியாது. ஒரு வீட்டுல வந்து சேர்ந்த பொண்ணு, தலகாணிக்கு அடியில பிஸ்கட் பாக்கெட்டும் காஞ்ச சப்பாத்தியும் ஒளிச்சு வச்சிருந்தா. அந்த வீட்டம்மா திருட்டுப் புத்தின்னு நெனச்சு எங்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. நாளைக்கு சோறு கிடைக்குமோ கிடைக்காதோங்கற பயம் அது. ஒரு டப்பாவுல அவ பேர எழுதி, இதுல எப்பவும் தின்பண்டம் இருக்கும், நீ யாரையும் கேக்காம எடுக்கலாம்னு சொல்லச் சொன்னேன். கொஞ்ச நாள்ல தலகாணி அடியில ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு பின்னாடி தன்னப் பத்தி உங்க பையன் மாதிரி ஏதாவது சொன்னாலும், வளர்க்கறவங்க முதல்ல குடுக்க வேண்டியது "இதுக்காக உன்ன இங்கிருந்து அனுப்ப மாட்டோம்"ங்கற அந்த ஒரு உறுதியத்தான்.

உங்களுக்கு பெங்களூர்ல எங்க போறது. ஓசூர் ரோட்டுல நிமான்ஸ்ங்கற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரில குழந்தைங்க, டீன் ஏஜ் பிள்ளைங்களுக்குன்னே தனி மனநலப் பிரிவு இருக்கு, காலைல சீக்கிரம் போயிடுங்க, கூட்டம் இருக்கும். அவசரமா யார்கிட்டயாவது பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 2022லேர்ந்து நடக்குது, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்ல பேசறவங்க வேணும்னு கேக்கலாம். ப்ரைவேட்டா போறீங்கன்னா ஜாக்கிரதை, கவுன்சலர்னு போர்டு மாட்டிக்கறதுக்கு இங்க பெருசா கட்டுப்பாடு இல்ல. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ. (ரீஹாபிலிட்டேஷன் கவுன்சில் ஆஃப் இண்டியா) ரிஜிஸ்டர் நம்பர் இருக்கணும், கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. அப்பாயின்மென்ட் வாங்கறதுக்கு முன்னாடி போன்லயே ரெண்டு கேள்வி கேளுங்க: எல்ஜிபிடிக்யூ பிள்ளைங்களோட வேலை பாத்திருக்கீங்களா, தத்தெடுத்த குடும்பங்களப் பாத்திருக்கீங்களா. "பையனுக்குப் பசங்களத்தான் பிடிக்குது, என்ன பண்ணலாம்"னு கேட்டுப் பாருங்க, "மாத்திடலாம்", "இது ஒரு ஃபேஸ்தான், போயிடும்"னு பதில் வந்தா அந்த இடம் வேண்டாம். பாஷையும் பாத்துக்கோங்க, பையன் இங்க்லீஷ்ல பேசுவான், அப்பாவுக்குத் தமிழ்லதான் மனசு வரும், ரெண்டும் தெரிஞ்சவங்களாப் பாருங்க, அவனையே மொழிபெயர்க்க வைக்காதீங்க.

உங்கள மாதிரி பெத்தவங்களோட பேசணும்னா மும்பைல ஆரம்பிச்ச ஸ்வீகார்னு எல்ஜிபிடிக்யூ பிள்ளைங்களோட பெற்றோர் குழு இருக்கு, சென்னைல ஓரினம் குழு தமிழ்லயே குடும்பங்களுக்காக எழுதி வச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரருக்கு நான் சொல்றத விட இன்னொரு அப்பா சொன்னா உள்ள போகும்.

அவன் சாப்பிடாம, தூங்காம, தனக்குப் பிடிச்ச சாமான எல்லாம் ஃப்ரெண்ட்ஸுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி"ங்கற மாதிரி பேசினா, இந்த வரிசை கிரிசை எல்லாம் பாக்காதீங்க, தனியா விடாம அன்னிக்கே நிமான்ஸ் எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

அந்த மாதிரி ஒண்ணும் இல்ல, ஆனா "நான் கவுன்சலிங் வரமாட்டேன், எனக்கு என்ன வியாதியா"ன்னு கேட்டான்னா, அவன் கேக்கறது நியாயம். கட்டாயப்படுத்தாதீங்க. நீங்க ரெண்டு பேரும் மட்டும் முதல்ல போங்க, "நாங்க எங்களுக்காகப் போறோம், உனக்குத் தோணுனா எப்ப வேணா வா"ன்னு சொல்லிட்டுப் போங்க.